நவம்பர் 5 பெருந்தீ இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்து சேரும் உறவினர்களும் மாணவர்களும், இருட்டியதும் நாலாபுறமும் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியவுடன், ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். நியூசிலாந்திலும் கனடாவிலும் இருப்பவர்கள் தொலைபேசியில் வேறு சில கேள்விகளைச் சேர்க்கிறார்கள். பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

இது வெள்ளைக்காரர்களுடைய தீபாவளிதானே?

என் அத்தை கேட்ட கேள்வி இது. வெளித்தோற்றத்தில் அப்படித்தான் இருக்கிறது. ராக்கெட், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு எல்லாம் உண்டு. திடலின் நடுவே எரியும் பெருந்தீயைப் பார்த்தால், கார்த்திகையன்று கோயில் வாசலில் கொளுத்தும் சொக்கப்பனை நினைவுக்கு வரும். 2010இல் தீபாவளியும் இந்த இரவும் ஒரே நாளில், நவம்பர் 5ஆம் தேதியே வந்தன. அன்று பல தெருக்களில் யார் எதற்கு வெடிக்கிறார்கள் என்றே பிரித்தறிய முடியவில்லை.

ஆனால் இது சமயப் பண்டிகை அன்று. பூசை, புத்தாடை, எண்ணெய்க் குளியல் போன்ற எதுவும் இதில் இல்லை. அரசு விடுமுறையும் கிடையாது. 1605ஆம் ஆண்டில் முறியடிக்கப்பட்ட ஓர் அரசியல் சதியின் நினைவுநாள் இது. பான்ஃபயர் நைட், கய் ஃபாக்ஸ் நைட் என்று இரண்டு பெயர்களில் வழங்குகிறது. பான்ஃபயர் என்றால் திறந்தவெளியில் மூட்டும் பெருந்தீ. கய் ஃபாக்ஸ் என்பது அச்சதியில் பிடிபட்டவரின் பெயர்.

அப்படி 1605இல் என்னதான் நடந்தது?

இங்கிலாந்தின் திருச்சபை போப்பிடமிருந்து பிரிந்துவிட்ட காலம் அது. கத்தோலிக்கராகவே நீடித்தவர்கள் அபராதம், சிறை எனப் பல ஒடுக்குமுறைகளுக்கு ஆளாகியிருந்தார்கள். முதலாம் ஜேம்ஸ் அரசரானபின் நிலைமை சீராகும் என்று நம்பி ஏமாந்த சிலர், ராபர்ட் கேட்ஸ்பி என்பவரின் தலைமையில், நாடாளுமன்றத் தொடக்க நாளன்று அரசரையும் பிரபுக்களையும் ஒருசேர வெடிவைத்துக் கொல்லத் திட்டமிட்டார்கள். பிரபுக்கள் அவைக்கு நேர் கீழே இருந்த நிலவறையை வாடகைக்கு எடுத்து, 36 பீப்பாய் வெடிமருந்தைக் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் விறகையும் நிலக்கரியையும் அடுக்கி மறைத்தார்கள்.

அக்டோபர் 26ஆம் தேதி மொண்டீகிள் பிரபுவுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டாம் என்று அது எச்சரித்தது. அவர் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி நடந்த சோதனையில், ஜான் ஜான்சன் என்ற பொய்ப் பெயருடன் நிலவறையைக் காத்துநின்ற கய் ஃபாக்ஸ் பிடிபட்டார். அரசர் தப்பிய செய்தி பரவியதும், மறுநாள் இரவே லண்டன் மக்கள் தெருக்களில் தீமூட்டி மகிழ்ந்தார்கள். இன்றுவரை எரியும் தீயின் தொடக்கம் அதுதான். பிடிபட்டபோது ஃபாக்ஸின் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் விளக்கு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தலைவர் கேட்ஸ்பி என்றால், கய் ஃபாக்ஸின் பொம்மையை மட்டும் ஏன் எரிக்கிறார்கள்? அவரை உயிரோடு எரித்தார்களா?

அவரை எரிக்கவில்லை. பலர் தவறாக நம்பும் செய்தி இது. தேசத்துரோகத்துக்கு அன்று விதிக்கப்பட்ட தண்டனை, தூக்கிலிட்டு, உயிர் பிரியுமுன் இறக்கி, உடலைக் கூறுபோடுவது. 1606 ஜனவரி 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் தூக்குமேடை ஏறிய ஃபாக்ஸ் கழுத்து முறிந்து அங்கேயே இறந்துபோனதால், எஞ்சிய கொடுமையை உயிருடன் அனுபவிக்கவில்லை. கேட்ஸ்பியோ அதற்கு முன்பே, நவம்பர் 8 அன்று, ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு மாளிகையில் நடந்த மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஃபாக்ஸ் 1570இல் யார்க் நகரில் பிறந்தவர். ஐரோப்பாவில் ஸ்பானியப் படையில் போர்த்தொழில் கற்றவர். வெடிமருந்தைக் கையாளத் தெரிந்தவர். அதனால்தான் திரியருகே அவர் நின்றார், அதனால்தான் அவர் பெயர் நிலைத்தது. சித்திரவதைக்கு முன்னும் பின்னும் அவர் இட்ட கையொப்பங்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பின்னதில், 'கய்டோ' என்ற ஒரு சொல் மட்டும், எழுதுகோலைப் பிடிக்க வலுவில்லாத விரல்களின் கிறுக்கலாக, தேய்ந்து முடிகிறது. தீயில் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிறுக்கல்தான் நினைவுக்கு வருகிறது. அவர் செய்ய நினைத்தது பெருங்கொலை என்பதில் ஐயமில்லை. அவருக்குச் செய்யப்பட்டதும் கொடுமைதான்.

நடக்காமல் போன ஒரு சதியை நானூறு ஆண்டுகளாகக் கொண்டாடுவானேன்?

மக்கள் தாமாகத் தொடங்கியதை அரசாங்கம் சட்டமாக்கிவிட்டது. ஒவ்வொரு நவம்பர் 5 அன்றும் தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடக்க வேண்டும் என்று 1606 தொடக்கத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் 1859 வரை நடப்பில் இருந்தது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் பிரசங்க மேடைகளிலிருந்து ஒலித்தது நன்றி மட்டுமன்று, கத்தோலிக்கர்மீதான வெறுப்பும்தான். தொடக்ககாலத் தீயில் பெரும்பாலும் போப்பின் உருவம்தான் எரிந்தது. ஃபாக்ஸின் பொம்மை பின்னர் வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

பழைய துணிகளில் வைக்கோலையும் காகிதத்தையும் திணித்துச் செய்த அந்தப் பொம்மைக்கே 'கய்' என்று பெயர் வந்தது. அதைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, "கய்க்கு ஒரு பென்னி" என்று தெருமுனையில் கேட்டு, கிடைத்த காசில் சிறுவர்கள் வெடி வாங்குவார்கள். இன்று அந்த வழக்கம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஆள் என்ற பொருளில் இன்று சாதாரணமாக வழங்கும் 'கய்' என்ற சொல் இந்தப் பொம்மையிலிருந்து வந்ததுதான்.

இங்கிலாந்தில் போய்ப் பார்த்தால் என்னென்ன இருக்கும்? சாப்பிட என்ன கிடைக்கும்?

லண்டனில் அன்று மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குளிர், ஈரப் புல், புகைமூட்டம், கம்பளிக் கையுறைக்குள் மத்தாப்பு. வீட்டுத் தோட்டத்தில் வெடிப்பவர்கள் உண்டு என்றாலும், நகராட்சியோ ஊர்ச் சங்கமோ திடலில் நடத்தும் வாணவேடிக்கைக்குப் போகிறவர்களே மிகுதி. நம் சங்குசக்கரம் தரையில் சுழலும். இங்கே கேத்தரின் சக்கரம் என்ற பெயரில் அதைக் கம்பத்தில் ஆணியடித்து, நின்றபடி சுழல விடுகிறார்கள்.

உணவு வடக்கே போகப் போகச் சிறக்கிறது. யார்க்ஷயரில் பார்க்கின் என்றொரு கேக் செய்வார்கள். ஓட்ஸ், இஞ்சிப்பொடி, கறுத்த கரும்புப் பாகு ஆகியவற்றால் ஆன அதை, சுட்டவுடன் சாப்பிடாமல் சில நாள் டப்பாவில் மூடிவைப்பது முறை. முதல் நாள் பொறபொறவென்று உதிரும் கேக், நாலைந்து நாளில் பாகு ஊறி, விரலில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். அதே பாகில் செய்யும் ஒரு மிட்டாய் நம் கமர்கட்டைப் போலவே கறுத்து, பல்லைச் சோதிக்கும். லங்காஷயரில் வேகவைத்த கறுப்புப் பட்டாணியில் வினிகர் ஊற்றித் தருவார்கள். தணலில் சுட்ட உருளைக்கிழங்கு எல்லா இடத்திலும் உண்டு.

லூயிஸ் என்ற ஊரில்தான் பெரிதாக நடக்குமாமே, குழந்தைகளோடு போகலாமா?

பெரியவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பதும் அதே அளவு உறுதியானது. சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள சிறிய ஊர் அது. தெருக்கள் குறுகியவை. பட்டாசுச் சத்தம் காதைப் பிளக்கும். அன்று கடைக்காரர்கள் கண்ணாடிகளைப் பலகை அடித்து மூடிவிடுகிறார்கள், சாலைகளை அடைத்துவிடுகிறார்கள், அண்மைக் காலமாக மாலைக்குப் பிறகு ரயில்களும் அங்கே நிற்பதில்லை. கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம். நவம்பர் 5 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால், முந்தைய நாளான சனிக்கிழமையில் நடத்துவார்கள்.

லூயிஸுக்கு இரண்டு நினைவுகள் உண்டு. 1555 முதல் 1557 வரை, கத்தோலிக்க அரசியான மேரியின் ஆட்சியில், 17 புராட்டஸ்டண்டுகளை அந்த ஊரில் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்தார்கள். அவர்களுக்காக 17 எரியும் சிலுவைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். பல பான்ஃபயர் சங்கங்கள் தனித்தனியே அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறக் கோடுகள் போட்ட மேலாடை, தனி வழி, தனித் தீத்திடல். போர் நினைவுச் சின்னத்தருகே வந்ததும் அவ்வளவு ஆரவாரமும் அடங்கி, மலர்வளையம் வைக்கப்படுகிறது. நடைபாதை ஓரத்தில் நின்றிருந்த என்னைக் கடந்து தீப்பந்தங்கள் போனபோது, கன்னத்தில் பட்ட சூடு அடுப்பின் முன்னால் குனிந்ததைப் போலிருந்தது. காலடியில் அணையாத துணிச்சுருள்கள் கிடந்து புகைந்தன. பின்னால் தள்ளுவண்டியோடு வருபவர்கள் அவற்றை அள்ளிக்கொண்டே போனார்கள்.

டெவன் பக்கம் எரியும் பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஓட்டரி செயின்ட் மேரி என்ற ஊரில் அது நடக்கிறது. உள்ளே தார் பூசி ஊறவைத்த மரப் பீப்பாயைக் கொளுத்தி, தீ நன்றாகப் பிடித்ததும், ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து ஓடுகிறார். கைகளில் தடித்த சாக்குத் துணி சுற்றியிருக்கும். சூடு தாங்க முடியாதபோது அடுத்தவர் தோளுக்கு மாறும். சிறுவர்களுக்குச் சிறிய பீப்பாய், பெண்களுக்கு, ஆண்களுக்கு என்று அளவு வளர்ந்துகொண்டே போய், நள்ளிரவு நெருங்கும்போது மிகப் பெரியது வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே தூக்கலாம். பார்ப்பவர்கள் சுவரோரம் ஒதுங்க வேண்டுமே தவிர, பீப்பாய் ஒதுங்காது.

அயர்லாந்தில் இது உண்டா?

அயர்லாந்துக் குடியரசில் இந்த நாளுக்கு இடமில்லை. அங்கே பெருந்தீயும் வெடியும் அக்டோபர் 31, ஹாலோவீன் இரவுக்கு உரியவை. வட அயர்லாந்தின் புராட்டஸ்டண்டுப் பகுதிகளில் மாபெரும் தீ மூட்டுவது ஜூலை 11 இரவில். 1690இல் புராட்டஸ்டண்டு அரசர் கத்தோலிக்க அரசரை வென்ற பாயின் போரை நினைக்கும் வேறொரு நாள் அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவையும் ஆங்கிலேயர்தானே ஆண்டார்கள்? அங்கே ஏன் இல்லை?

ஒரு காலத்தில் இருந்தது. பாஸ்டன் நகரில் அதற்குப் போப் நாள் என்று பெயர். வடபகுதிக்காரர்களும் தென்பகுதிக்காரர்களும் போப்பின் உருவத்தைத் தனித்தனி வண்டிகளில் இழுத்து வந்து, ஒருவர் வண்டியை ஒருவர் பிடுங்க அடித்துக்கொள்வார்கள். 1764இல் வண்டிச் சக்கரத்தில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். மறு ஆண்டு, பிரிட்டன் விதித்த முத்திரைத்தாள் வரியை எதிர்க்கும் போராட்டத்தில் இரு தரப்பும் கைகோத்தன. தீயில் போப்போடு பிரிட்டிஷ் அதிகாரிகளின் உருவங்களும் சேர்ந்தன.

1775 நவம்பர் 5 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் படைக்கு ஆணையிட்டு, போப்பின் உருவத்தை எரிப்பது நகைப்புக்குரிய, சிறுபிள்ளைத்தனமான வழக்கம் என்று கண்டித்துத் தடுத்தார். கனடாவின் பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்ட நேரம் அது. நாடு விடுதலை அடைந்தபின், ஆங்கில அரசர் உயிர் தப்பியதை நினைத்து மகிழ அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை. வாணவேடிக்கை ஜூலை 4க்கு இடம்பெயர்ந்தது.

கனடாவில் இருக்கிறோம், டொராண்டோவில் யாருக்குமே தெரியவில்லையே?

தெரிந்திருக்காது. கனடாவில் இது நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் வழக்கமாகத்தான் தங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்தும் அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்தும் மீன்பிடிக்க வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் கடலோர ஊர்களில் மரக்கிளைகளையும் பழைய பொருள்களையும் குவித்துத் தீ மூட்டுகிறார்கள். வெடி பெரிதில்லை, தீதான் முக்கியம். கத்தோலிக்கக் குடும்பங்களும் அதைச் சுற்றி நிற்கின்றன. எந்தச் சமயத்தாரை வெறுக்க இந்தத் தீ மூட்டப்பட்டதோ அவர்களே விறகு சுமந்து வந்து குளிர்காயும் அந்தக் காட்சிதான், இந்த நாளின் நெடிய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது.

நியூசிலாந்தில் அப்போது கோடை தொடங்கும் நேரமாயிற்றே, எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அங்கே அது வசந்தகாலம். பொழுது எட்டு மணிவாக்கில்தான் சாய்கிறது. எனவே குளிருக்கு மூட்டும் பெருந்தீ பின்னுக்குப் போய், வெடி முன்னுக்கு வந்துவிட்டது. நவம்பர் 2 முதல் 5 வரை நான்கே நாள்கள்தாம் பொதுமக்களுக்கு வெடி விற்கலாம். வாங்குபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்கியதைச் சேமித்துவைத்துப் பின்னர் வெடிப்பவர்களால் அக்கம்பக்கத்தில் தகராறு வருவதும் உண்டு.

ஆனால் அந்நாட்டில் இந்தத் தேதிக்கு வேறொரு கனம் இருக்கிறது. 1881 நவம்பர் 5 அன்று, நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பரிஹாகா என்ற ஊருக்குள் அரசின் சுமார் 1,600 ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்தார்கள். தம் நிலம் பறிக்கப்படுவதை டே ஃபிட்டி, டோஹு என்ற தலைவர்களின் வழிகாட்டலில் ஆயுதமின்றி எதிர்த்துவந்த மக்களின் ஊர் அது. படையை எதிர்கொண்டது பாடி நின்ற குழந்தைகளும், நீட்டப்பட்ட ரொட்டியும்தான். தலைவர்களைக் கைதுசெய்து, வீடுகளை இடித்து, மக்களைத் துரத்தினார்கள். தூர தேசத்து அரசர் ஒருவர் பிழைத்ததற்கு வெடி வெடிப்பதைவிட, அன்று பரிஹாகாவை நினைப்பதே முறை என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நானும் நினைக்கிறேன். தலைநகர் வெலிங்டன் 2018இல் தன் பொது வாணவேடிக்கையை மாவோரிப் புத்தாண்டான மட்டாரிகிக்கு மாற்றிக்கொண்டது. அந்த முதல் ஆண்டிலேயே துறைமுகத்துக்குள் ஒரு திமிங்கிலம் வந்துவிட, அதற்குத் தொல்லை தரக்கூடாது என்று வேடிக்கையைத் தள்ளிவைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் பழைய ஆள்கள் 'கிராக்கர் நைட்' என்கிறார்கள், அது இதுதானா?

ஒரு பகுதி இதுதான். நவம்பரில் காட்டுத்தீ அச்சம் தொடங்கிவிடுவதால், பல இடங்களில் வெடி வெடிக்கும் இரவு மே 24, பிரிட்டிஷ் பேரரசு நாளுக்கு மாறியது. அதையும் கிராக்கர் நைட் என்றே அழைத்தார்கள். காயங்கள் பெருகவே, பெரும்பாலான மாநிலங்கள் தனியார் வெடிப்பதைத் தடைசெய்துவிட்டன. வடக்கு ஆட்சிப்பகுதியில் மட்டும், 1978இல் தன்னாட்சி பெற்ற நாளான ஜூலை 1 அன்று பொதுமக்கள் கடையில் வாங்கி, அன்றிரவு சில மணி நேரம் வெடிக்கலாம்.

வேறு எங்கெல்லாம் பரவியிருக்கிறது?

கரீபியனில் செயின்ட் வின்சென்ட் தீவில் மூங்கில் வெடி உண்டு. தடித்த மூங்கிலின் உட்கணுக்களைத் துளைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிச் சூடாக்கி, துளையருகே தீயைக் காட்டினால் பீரங்கி போல முழங்கும். பஹாமாஸிலும் பொம்மையை ஊர்வலமாகக் கொண்டுபோய் எரிக்கும் வழக்கம் இருந்துவருகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சிறுவர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொள்வது இந்த நாளின் அடையாளமாகி, பிறர்மீது சாயம் வீசும் தொல்லையாகவும் மாறியது. தமிழ் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் டர்பனில் தீபாவளியும் இதுவும் அடுத்தடுத்து வருவதால், வெடி குறித்த புகார்களும் அறிவிப்புகளும் இரண்டையும் சேர்த்தே பேசுகின்றன.

இங்கிலாந்தில் தீபாவளிக்கு வெடி வாங்கலாமா, எத்தனை மணிவரை வெடிக்கலாம்?

வாங்கலாம். இங்கிலாந்தில் தனி உரிமம் இல்லாத கடைகள் அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரையிலும், டிசம்பர் 26 முதல் 31 வரையிலும், தீபாவளி, சீனப் புத்தாண்டு ஆகியவற்றின்போது அந்த நாளிலும் அதற்கு முந்தைய மூன்று நாள்களிலும் விற்கலாம். கம்பி மத்தாப்பு உட்பட எதையும் 18 வயதுக்குக் குறைந்தவர் வாங்க முடியாது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வெடிக்கக் கூடாது என்பது பொதுவிதி. நவம்பர் 5 அன்று நள்ளிரவு 12 வரையும், தீபாவளியன்று நள்ளிரவு தாண்டி 1 மணி வரையும் விலக்கு உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் வெடியைக் கொளுத்தும் நம் வழக்கத்துக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை, காவல்துறை வரும்.

தெருவில் வெடிப்பதும் குற்றம். சொந்தத் தோட்டத்தில்தான் வெடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வட அயர்லாந்தில் பெரும்பாலானவற்றை வாங்கவே உரிமம் வேண்டும். எரியும் மத்தாப்பின் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்து முடிந்த கம்பியை உடனே அதில் போடுங்கள்.

தோட்டத்தில் விறகைக் குவித்து வைத்திருக்கிறோம், அப்படியே கொளுத்தலாமா?

கூடாது. முள்ளெலிகள் குளிர்கால உறக்கத்துக்கு இடம் தேடும் பருவம் இது. குவிந்த இலையும் விறகும் அவற்றுக்கு ஆயத்த வீடு. எரிக்கும் நாளன்றே விறகை வேறிடத்துக்கு மாற்றி அடுக்குங்கள். கொளுத்துமுன் அடிப்பகுதியைக் கைவிளக்கால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் தீயிடுங்கள். உள்ளே ஏதேனும் இருந்தால் மறுபக்கம் வழியே ஓடித் தப்பும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களை வெறுக்கும் விழாவுக்கு நாங்கள் போவது சரியா?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டது. உங்கள் தயக்கம் நியாயமானது. கத்தோலிக்கர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலமும் இந்தத் தீ அவர்களுக்கு ஒரு மிரட்டலாகவே இருந்தது. இன்று பெரும்பாலான ஊர்த் திடல்களில் சமயப் பேச்சே இல்லை. வரலாறு தெரியாமலேயே பலர் வந்து போகிறார்கள். அங்கே நீங்கள் தயங்காமல் போகலாம்.

லூயிஸ் வேறு. மேலே சொன்ன சங்கங்களுள் ஒன்றான கிளிஃப், 1605இல் போப்பாக இருந்த ஐந்தாம் பவுலின் உருவத்தை இன்றும் எரிக்கிறது. இன்றைய கத்தோலிக்கரை இது குறிக்கவில்லை என்று அவர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. பார்த்தால் மனம் புண்படும் என்று தோன்றினால் அந்த ஊரைத் தவிர்த்துவிடுங்கள்.

என் மகள் பள்ளியில் பொம்மை செய்தாள், அதை எரிக்க வேண்டும் என்றதும் அழுகிறாள். பொம்மை இல்லாமல் நடத்தினால் தவறா?

தவறே இல்லை. இன்று பல திடல்களில் பொம்மை எரிப்பதே கிடையாது. தீயும் வாணமும் மட்டும்தான். யார்க்கில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற பள்ளி இருக்கிறது. கய் ஃபாக்ஸ் படித்த பள்ளி அது. தங்கள் பழைய மாணவர் ஒருவரை எரிப்பது முறையன்று என்று அங்கே அவருடைய பொம்மையைத் தீயில் இடுவதில்லை. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பொம்மையை அவளே வைத்துக்கொள்ளட்டும்.